இரு துப்பாக்கிக்கு ஒரே தோட்டா

1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட நெம்புகோல் துப்பாக்கியில், விசையைச் சூழ்ந்து வளையம்போல் அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளினால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறித்து, சுத்தியலும் பின்வாங்கி நிற்கும். மேலே இழுத்தவுடன், குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து வந்த புதுத் தோட்டா அறைக்குள் புகுந்துவிடும். இந்தத் துரிதம் வியக்கத்தக்கதே. ஆயினும், கடைகள் அபூர்வமாயிருந்த மேற்குப் பிரதேசங்களில் சஞ்சரித்தவர்களுக்கு அதனினும் பெரிய சகாயமாக வாய்த்தது, கோல்ட் கம்பெனியார் 1878 வாக்கில் தங்கள் சுழல் கைத்துப்பாக்கியையும் அதே .44-40 தோட்டாவுக்கு இசைவாகச் செய்தளித்ததுதான் என்பது என் துணிபு. இடுப்பு வாரிலிருந்த ஒரே சரக்கு இரண்டுக்கும் உதவியது! அதிலும், நீண்ட குழலுக்குள் வெடிமருந்தின் வாயு அதிக தூரம் உந்துவதால், அதே குண்டு கைத்துப்பாக்கியில் பெறுவதைவிடக் கூடுதல் வேகத்தோடு பாய்ந்தது. தொலைதூர வேட்டைக்கு மட்டும் அதன் பலம் போதாது. காட்டெருமை வேட்டைக்காரர்கள் இதனினும் பெரிய தோட்டாக்களையே நாடினர்.