மயங்கொலி எழுத்துகளும் வீட்டுவழிக் கற்பித்தலும்
ண, ன, ந ஆகியவை பேச்சில் பல இடங்களில் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. எனவே, கேட்டவாறே எழுதும் குழந்தை பிழை செய்கிறது. இது கவனக்குறைவன்று, பலமுறை எழுதச் செய்வதால் மட்டும் நீங்குவதுமன்று.

டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்னும் வழக்குப் பெயர்களிலேயே கற்பிக்கும் வழி அமைந்துள்ளது. ஒவ்வொரு மெல்லினமும் தன் இன வல்லினத்தோடு இணைவதை அவை உணர்த்துகின்றன. வண்டு, கன்று, பந்து முதலிய சொற்களை அட்டையில் எழுதி, எழுத்தெழுத்தாக வெட்டிக் கலைத்து, இணை சேர்க்கும் விளையாட்டாக வீட்டில் அமைக்கலாம். பலமுறை சேர்க்கும் குழந்தை விதியைத் தானே உய்த்துணரும்.

இனவெழுத்துத் துணை இல்லாத இடங்களில் பொருளே துணையாகும். ஆணிக்கு இரும்பாணியின் படமும், ஆனிக்கு நாட்காட்டித் தாளும் காட்டினால் ணகர னகர வேறுபாடு பொருளோடு மனத்தில் பதியும். ஆகவே, ஒலியை மட்டும் நம்பாது, எழுத்தின் இடத்தையும் சொல்லின் பொருளையும் இணைத்துக் கற்பிப்பதே பயனுடையது.