13 வயதில் முடிந்த ரேஸ்: இருங்காட்டுக்கோட்டையில் ஸ்ரேயஸுக்கு நடந்தது என்ன?

சென்னை - பெங்களூரு ஹைவேயில் தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் கார் ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். அதே ஊரில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள ரேஸ் டிராக் ஒன்றும் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு இங்கே சொந்தமாக அமைத்த டிராக் அது.

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. தேசிய மோட்டார் சைக்கிள் ரேஸிங் சாம்பியன்ஷிப்பின் மூன்றாவது சுற்று. காலையில் நடந்த தகுதிச்சுற்றில் ரூக்கி பிரிவில் எல்லோரையும் முந்தி போல் பொசிஷனை, அதாவது ஸ்டார்ட்டிங் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தார் ஸ்ரேயஸ் ஹரீஷ். ரேஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, முதல் வளைவிலிருந்து வெளியே வரும்போது கீழே விழுந்தார். தலையில் பலத்த அடி. உடனே சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை. 13-வது பிறந்தநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வார இறுதியின் மீதி ரேஸ்கள் எல்லாம் ரத்தாகின.

ரசிகர்களுக்கு அவர் ‘பெங்களூரு கிட்’. அந்த சீசனில் மட்டும் தொடர்ச்சியாக நான்கு ரேஸ்களில் ஜெயித்தவர். ஸ்பெயினில் நடந்த மினிஜிபி ரேஸ்களில் ஐந்தாவது, நான்காவது இடங்களைப் பிடித்துவிட்டு வந்திருந்தார்.

செய்தி வந்ததும் பலர் கேட்டது இதுதான்: “பதிமூணு வயசுப் பையனுக்கு எதுக்கு பைக்?”

நியாயமான கேள்விதான். ஆனால் இதை ரோட்டு சாகசத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதே ஹைவேயில், இன்னும் கொஞ்சம் மேற்கே தாமல் அருகே, அடுத்த ஆறாவது வாரத்தில் பிரபல பைக் யூடியூபர் ஒருவர் வீலிங் செய்து விழுந்தார். கை முறிந்தது, கைதானார், லைசென்ஸும் போனது. அது லாரியும் பஸ்ஸும் ஓடுகிற பொதுச் சாலை. டிராக்கில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும்; மார்ஷல்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கும், உடம்பு முழுக்க லெதர் சூட் இருக்கும். ஸ்ரேயஸ் ஓட்டியது சரியான இடத்தில்தான்.

அப்புறம் ஏன் டிராக்கிலும் உயிர் போகிறது?

பொதுவாக ரேஸில் ஒருவர் தனியாக வழுக்கி விழுந்தால், பெரும்பாலும் எழுந்து நடந்து போய்விடுவார். சறுக்கிப்போக இடம் இருக்கும், சூட் தாங்கும். ஆபத்து பின்னால் வருகிறவர்கள்தான். முன்னால் போகிறவர் விழுந்தால், அரை நொடி இடைவெளியில் வருகிறவரால் விலக முடியாது. ஜூனியர் பிரிவுகளில் இது இன்னும் மோசம். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி பைக், ஒரே வேகம். அதனால் யாரும் தனியாகப் பிரிந்து போக முடியாமல் கும்பலாகவே ஓட்டுவார்கள். முதல் லேப்பில் கேட்கவே வேண்டாம்.

2021-ல் உலகமே இதைப் பார்த்தது. மே மாதம் இத்தாலியில் 19 வயது ஜேசன் டுபாஸ்கியே, ஜூலையில் ஸ்பெயினில் 14 வயது ஹுகோ மியான், செப்டம்பரில் ஸ்பெயினிலேயே 15 வயது டீன் பெர்ட்டா வின்யாலெஸ். மூவருமே விழுந்த பிறகு பின்னால் வந்த பைக்குகளில் சிக்கியவர்கள்.

அந்த ஆண்டே சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு வயது வரம்பை உயர்த்தியது. 2023 முதல் கிராண்ட் பிரீ ரேஸுக்குக் குறைந்தபட்சம் 18 வயது (சில விதிவிலக்குகள் உண்டு). ஆசியா டேலண்ட் கப், ஐரோப்பிய டேலண்ட் கப் மாதிரியான பயிற்சிக் களங்களுக்கு 14. அந்தக் கணக்கில் ஸ்ரேயஸ் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அங்கே ஓட்டும் பைக்குகள் நம் ரூக்கி பிரிவு வண்டிகளைவிட வேகமானவை என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும், உலக அமைப்பு மூன்று மரணங்களுக்குப் பிறகு எடுத்த முடிவை நாம் கவனித்தோமா என்று கேட்கலாம்.

வயதைவிட முக்கியம் இடையில் இருக்கவேண்டிய படிகள் என்பது என் கருத்து. மினிஜிபியில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 160 சிசி குட்டி பைக்கை, கோ-கார்ட் ஓடும் சின்ன டிராக்கில் ஓட்டுகிறார்கள். வேகம் குறைவு, ரேஸ் நுணுக்கம் அத்தனையும் அங்கேயே பழகிவிடும். ஸ்பெயினில் இப்படிப்பட்ட டிராக்குகள் நிறைய. இந்தியாவில் பெரிய டிராக்குகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவுக்கும் ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் பைக் தயாரிக்கின்றன. வண்டி செய்கிற ஊரில், பிள்ளைகள் அதைப் பத்திரமாகப் பழக ஒரு சின்ன டிராக் கேட்பது பேராசை இல்லையே!

அந்த ஆகஸ்ட் மாதமே மலேசியாவின் செபாங் டிராக்கில் 250 சிசி பிரிவில் ஓட்டுவதாக இருந்தார் ஸ்ரேயஸ்.