விட்மனும் பாரதியும்: தொழிலாளரைப் பாடும் இருவகை முறை

தமிழ்ப் புதுக்கவிதையின் தோற்றத்தை விளக்கும் நூல்கள் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைத் (1819–1892) தவறாது குறிப்பிடுகின்றன. 1855இல் பன்னிரண்டு கவிதைகளுடன் வெளிவந்த அவரது ‘புல்லின் இதழ்கள்’ மரபான யாப்பைத் துறந்தது. பாரதியார் ‘நகரம்’ என்னும் கட்டுரையில் அவரைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். தம் புதுக்கவிதை முயற்சிக்கு வித்திட்டது விட்மனின் நூலே என்றும், பாரதியாரின் வசன கவிதையைப் பின்னரே படிக்க நேர்ந்தது என்றும் ந. பிச்சமூர்த்தி கூறியுள்ளார். வகுப்பறையில் விட்மன் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறார். ‘யாப்பை உடைத்தவர்’ என்பதே தேர்வுக்குரிய விடையாகிறது.

பாரதியார் அவரிடம் கண்டது வடிவத்தை மட்டுமன்று. எதுகை, மோனை அற்ற நடையைச் சுட்டியபின் அவர் விட்மனின் சமத்துவக் கொள்கைக்கு வந்துவிடுகிறார். கட்டுரைத் தலைப்பும் அதனோடு இயைந்ததே. கட்டடங்களாலும் கடைவீதிகளாலும் அன்றி, அடிமையும் ஆண்டானும் இல்லாத நிலையால் ஒரு நகரம் பெருமை பெறும் என்பது விட்மனின் கருத்து.

அமெரிக்கா பாடுவதைக் கேட்பதாக விட்மன் எழுதிய சிறு கவிதையைப் பாரதியாரின் ‘தொழில்’ பாடலுடன் ஒப்புநோக்கலாம். நேரடித் தாக்கத்தை நிறுவுவது இங்கு நோக்கமன்று. விட்மனிடம் தச்சர், கொத்தனார், படகோட்டி, செருப்புத் தைப்பவர் என ஒவ்வொருவரும் தத்தம் பாட்டைப் பாடுகின்றனர்; கவிஞர் கேட்பவராக நிற்கிறார். பாரதியார் பாடலிலோ தொழிலாளர் பாடுவதில்லை. இரும்பை உருக்குவோர், கரும்பைப் பிழிவோர், முத்துக் குளிப்போர் ஆகியோரை விளித்துக் கவிஞரே போற்றுகிறார். புகழப்படுவோரின் குரல் அங்குக் கேட்பதில்லை என்பதைக் குறையெனக் கொள்ளல் தகாது. பாட்டுடைத் தலைவனை முன்னிறுத்திப் பாடும் பாடாண் மரபின் நீட்சியாகவே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது. மன்னனுக்குரிய இடத்தில் பாரதியார் தொழிலாளரை அமர்த்தினார். அதற்கு அவருக்கு யாப்பு தடையாகவில்லை.

இவ்விரண்டையும் இளங்கலை மாணவர்க்குப் படித்துக் காட்டியபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் தந்தை பணிபுரியும் மாணவி ஒருவர், “அந்த இரைச்சலில் யார் பாட முடியும்?” என வினவினார். கட்டுரையாளரால் உடனே விடை கூற இயலவில்லை. விட்மனின் பட்டியலில் உள்ளோர் பெரும்பாலும் கைத்தொழிலாளர். உழைக்கும்போதே பாட அவர்களால் இயலும். பாரதியார் பாடலில் இயந்திரம் செய்வோர் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றனர்.

அடுத்த வகுப்பில் அம்மாணவி தம் தந்தையைப் பற்றி எட்டு வரிகள் எழுதி வந்தார். அவற்றில் யாப்பு இல்லை. எட்டும் தந்தையை முன்னிலையில் விளிப்பனவாக இருந்தன.