மணல் ஈயும் ஆறாத பருவும்

அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களுக்கு மாட்டெருதான் உயிர். எருக் குவியல், கொட்டிலோரத்து ஈரம் காயாத மண், சுவர் வெடிப்பு போன்ற இடங்களே மணல் ஈக்கும் பிடித்தவை. நீளம் 3 மில்லிமீற்றரைத் தாண்டாது. உடல் முழுக்க மயிர். சிறகுகளை மேலே உயர்த்தியபடி உட்காரும். பொழுதுபட்ட பிறகு சத்தமில்லாமல் வந்து கடிக்கும். நுளம்பைப் போலத் தேங்கிய நீரில் இது பெருகுவதில்லை. சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, வளவையும் கூட்டித் துப்புரவாக்க வேண்டும்.

பெண் ஈ இரத்தம் குடிக்கும்போது லீஷ்மேனியா ஒட்டுண்ணி தோலுக்குள் இறங்குகிறது. சில வாரங்களோ மாதங்களோ கழித்துச் சிறு பரு தோன்றும். பெரும்பாலும் நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பரு மெல்லப் பெருத்து நடுவில் புண்ணாகிவிடும்.

இந்த ஒட்டுண்ணியை 1903இல் சென்னையில் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டவர் மருத்துவர் சார்ள்ஸ் டொனவன். இந்தியாவில் காலா அசார் காய்ச்சலாக உயிர் குடிக்கும் அதே இனம், இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுவது வியப்புக்குரியது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2008 முதல் இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் அதிகம்.

வாரக்கணக்கில் ஆறாத பரு இருந்தால் வைத்தியசாலையில் காட்டுங்கள். பருவில் போடும் ஊசி மருந்தும் திரவ நைதரசன் சிகிச்சையும் அதைக் குணமாக்கும்.