இளையோர் நலம்: கேட்டறிந்து பேசுவோம்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நம் தோட்டப் பெற்றோர் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். ஆயினும், பருவமடைந்த மகனிடமோ மகளிடமோ உடல் மாற்றங்களைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் பேச நேர்ந்தால் பலர் வாய் திறப்பதில்லை. இம்மௌனம் பிள்ளைகளைக் காப்பதில்லை என்பதை ஆராய்ச்சிகள் உணர்த்துகின்றன.

பினாங்கில் 1969-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970-களிலிருந்து தகவல் தொடர்புத் துறை கற்பிக்கப்பட்டு வருகிறது. ஒரு செய்தியை யார் சொல்கிறார், எம்மொழியில் சொல்கிறார், கேட்டவர் அதைப் புரிந்துகொண்டாரா, தம் நடத்தையை மாற்றிக்கொண்டாரா என ஆராய்வதே தகவல் தொடர்பு ஆராய்ச்சி. நலக்கல்விக்கு இது பெரிதும் துணைபுரிகிறது.

இளையோரின் உண்மை நிலையை அறிவது இதன் முதற்படி. சுகாதார அமைச்சு 2017-ஆம் ஆண்டு, 13 முதல் 17 வயது வரையிலான மாணவரிடையே நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. மாணவர்கள் தம் பெயரை எழுதாமலே விடையளித்தனர். பெயர் தெரியுமெனில் அச்சம் உண்மையை மறைத்துவிடுமன்றோ? பாலுறவு கொண்டதுண்டு என்று நூற்றுக்கு 7.3 பேர் தெரிவித்தனர். 2022-இல் இது 7.6 ஆக இருந்தது. அதாவது, ஏறத்தாழ 13 பேரில் ஒருவர். "நம் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை" என்று ஒதுக்கிவிட இயலாது.

அடுத்தது, செய்தியைச் சேர்ப்பிக்கும் வழி. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 'புள்ளி ராஜா' என்னும் கற்பனை மனிதருக்கு எய்ட்ஸ் வருமா என்று வினவும் விளம்பரங்கள் வைக்கப்பட்டன. பேசத் தயங்கிய பொருளைப் பலரும் பேசத் தொடங்கினர். எனினும், விளம்பரம் வினாவை எழுப்புமேயன்றி, கேட்பவரின் ஐயத்தைத் தீர்க்க மனிதர் வேண்டும். நம் நாட்டில் 1996-இல் தொடங்கிய 'புரோஸ்தார்' திட்டத்தில் இளைஞர்களுக்கே பயிற்சியளித்து, தம்மையொத்த இளைஞர்களிடம் பேசச் செய்ததும் இக்காரணம் பற்றியே.

பெற்றோர் அறிய வேண்டியவை சில உள. எச்.ஐ.வி. கொசுக்கடியாலோ ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது. பாதுகாப்பற்ற பாலுறவு, ஒருவர் பயன்படுத்திய ஊசி, தொற்றுள்ள இரத்தம் ஆகியவற்றாலும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவக்கூடும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 13 வயதுப் பள்ளி மாணவியருக்காக 2010-இல் தொடங்கப்பெற்றது. 16 வயதுக்குட்பட்ட சிறுமியுடன் பாலுறவு கொள்வது, அவள் இசைந்தாலும், சட்டப்படி பாலியல் வன்முறையே.

மகள் தயங்கித் தயங்கி ஏதேனும் கேட்கும்பொழுது, "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று அதட்டினால் அவள் மீண்டும் கேட்கமாட்டாள். தீங்கு நேர்ந்த நாளிலும் நம்மிடம் சொல்லமாட்டாள். மாதங்கள் கடந்து கருவுற்றதை அறிந்து வருந்துவதினும், தொடக்கத்திலேயே பொறுமையுடன் செவிமடுப்பது மேலன்றோ? மகனுக்கும் இது பொருந்தும். பெண்ணை மதிக்கும் பண்பை அவனுக்குக் கற்பிப்பது தந்தையின் கடமை.

விடை தெரியாவிடில் அரசாங்கச் சுகாதார நிலையத் தாதியரிடம் கேட்கலாம். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் 15999 என்னும் எண்ணில் உதவி பெறலாம். கேட்பதில் வெட்கமில்லை, அறியாமையால் பிள்ளையை இழப்பதே வருந்தத்தக்கது.