சத்துப் பொடியும் மருந்தும்

பட்டினச்சேரி அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூற விழைகிறோம். “நீரிழிவு அடியோடு நீங்கும்” எனக் கூறிச் சத்துப் பொடிகள் விற்கப்படுகின்றன. சத்துப் பொடி உணவைச் சேர்ந்தது; மருந்தன்று. மருத்துவப் பயனுக்கு அன்று என்பதை அதன் புட்டியிலேயே அச்சிடவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நீரிழிவைத் தீர்க்கும் மருந்தென எதையும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. தவறான மருந்து விளம்பரங்கள் குறித்த உச்ச நீதிமன்ற வழக்கில், பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளேடுகளில் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

பணம் போவது சிறு நஷ்டமே. பொடியை நம்பி இன்சுலினை நிறுத்துவோர்க்கு உயிருக்கே ஆபத்து நேரும். நூலின் நம்பரையும் விதைப் பையின் சீட்டையும் பார்த்தே வாங்கும் நாம், புட்டியின் சீட்டையும் படிப்போமாக. மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்தாதிருப்போமாக.