மலிவான கணினி, மலிவில்லாத மின்சாரம்

ஸ்ரீபெரும்புதூரில் 2007இலேயே டெல் நிறுவனம் கணினி உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடம் வரையுள்ள நம் மாணவர்களுக்குக் கணினி அறிவியலுக்கு உதவும் விதத்தையும் சொல்லலாம்.

பெரிய கணக்கொன்றைச் சிறு துண்டுகளாக்கி, தன்னார்வலர்களின் கணினிகளுக்கு இணையம்வழி அனுப்புவதே பகிர்வுக் கணிப்பு. 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தில் 2010இல் தன்னார்வலர்களின் கணினிகளே ஒரு பல்சர் விண்மீனைக் கண்டறிந்தன.

ஒரு துண்டு மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே இரு செயலிகள் பொருந்தும் பழைய சர்வர் மதர்போர்டை வாங்கினால், குறைந்த விலையில் பல துண்டுகளை ஒரே நேரத்தில் முடிக்கலாம்.

ஆனால், 200 வாட் எடுக்கும் கணினி நாள் முழுதும் ஓடினால் 4.8 யூனிட்; 60 நாளில் 288 யூனிட். வீடுகளுக்கு இரு மாதத்திற்குக் கட்டணமின்றிக் கிடைப்பதோ இதைவிடக் குறைவுதான். வாங்கும் முன் இக்கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.